வாட்டர்லூவுக்குச் சித்தூர் வழியாகப் போவோம்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் வரலாறு சொல்லித்தரும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



1815 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை. முந்தின இரவு கொட்டிய மழையில் வாட்டர்லூவின் வயல்கள் சேறாகிக் கிடந்தன. பொழுது சாயும் நேரத்தில் நெப்போலியன் தன் கையில் மிச்சமிருந்த ஒரே துருப்பை இறக்கினார்: அதுவரை தோல்வி அறியாதது என்று பெயர் வாங்கிய பேரரசின் காவற்படை. அது மேடேறி வந்த இடத்தில் எதிரே நின்றவற்றுள் ஒன்று காலின் ஹால்கெட் என்ற தளபதியின் பிரிகேட். அதில் நான்கு பட்டாலியன்கள். 30, 33, 69, 73 என்ற எண்ணுள்ள ரெஜிமென்ட்டுகளைச் சேர்ந்தவை. இந்த எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 33-வது ரெஜிமென்ட் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையில் இருந்தது. அப்போது அதன் லெப்டினன்ட் கர்னல், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லஸ்லி. 73-ன் முதல் பட்டாலியனும் அதே முற்றுகையில் இருந்தது. 69-ன் முதல் பட்டாலியன் 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோதுதான் சிப்பாய்ப் புரட்சி வெடித்தது. வாட்டர்லூவில் நின்றது 69-ன் இரண்டாவது பட்டாலியன். ஆட்கள் வேறு, ஆனால் கொடியும் எண்ணும் ஒன்றே. ஆக, பெல்ஜியத்து மேட்டில் நெப்போலியனின் கடைசி முயற்சியை எதிர்கொண்ட நான்கில் மூன்று, சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊரோடும், அங்கிருந்து கிளம்பிய படையெடுப்போடும் சம்பந்தப்பட்ட பெயர்கள்.

இதை ஒரு வேடிக்கைத் தகவலாக வகுப்பில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். நான் கேட்பது அதைவிடச் சற்று அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த போர்களைப் பாடநூல்கள் "ஐரோப்பிய வல்லரசுகளின் போர்" என்று ஒரு பெட்டியில் போட்டு மூடிவிடுகின்றன. பாளையக்காரர் கலகமும் வேலூர்ப் புரட்சியும் இன்னொரு பெட்டியில், இன்னோர் ஆண்டுக்கான பாடத்தில் கிடக்கின்றன. மாணவருக்கு இரண்டும் வெவ்வேறு உலகம். நான் சொல்ல வருவது இதுதான்: "ஐரோப்பியப் படை" என்ற பெயரில் உள்ள "ஐரோப்பிய" என்ற அடைமொழி கொடிக்குப் பொருந்தும், தளபதிக்குப் பொருந்தும், படையில் நடந்த ஆளுக்கும், படையை நடத்திய பணத்துக்கும், பெரும்பாலும் பொருந்தாது. அதை நிரூபிக்க நீங்கள் பாரீசுக்கோ லண்டனுக்கோ போக வேண்டாம். உங்கள் மாவட்டத்தின் 1798 முதல் 1811 வரையிலான பதின்மூன்று ஆண்டுகளை எடுத்து விரித்தாலே போதும்.

கதை மொரீஷியஸில் ஆரம்பிக்கிறது. அன்று அது பிரெஞ்சுக்காரர் கையில், "பிரான்சுத் தீவு" என்ற பெயரில் இருந்தது. 1798 ஜனவரியில் அதன் கவர்னர் மலார்திக் ஓர் அறிக்கை வெளியிட்டார்: திப்பு சுல்தான் ஆங்கிலேயருக்கு எதிராக உதவி கேட்கிறார், அவர் படையில் சேர விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று. இரகசியமாக இருக்க வேண்டியதைத் தண்டோரா போட்ட அறிக்கை அது. சேர்ந்து மங்களூரில் வந்திறங்கியவர்கள் நூறு பேர்கூடத் தேறவில்லை. ஆனால் கல்கத்தாவில் அப்போதுதான் பதவியேற்றிருந்த கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லஸ்லிக்கு, அதாவது ஆர்தரின் அண்ணனுக்கு, அந்த நூறு பேரே போதுமான சாக்கு ஆயிற்று. அதே ஆண்டு நெப்போலியன் எகிப்தில் இறங்கவே, சாக்குக்கு வலுவும் கிடைத்தது. 1799 பிப்ரவரியில் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை வேலூர்ப் பக்கமிருந்து மைசூரை நோக்கிப் புறப்பட்டது. மே 4 அன்று திப்பு மாண்டார். அரண்மனையில் கிடைத்த கடிதங்களில் ஆர்க்காட்டு நவாப் குடும்பம் திப்புவோடு தொடர்பு வைத்திருந்ததற்குச் சான்று இருக்கிறது என்று கிழக்கிந்தியக் கம்பெனி சொன்னது. அந்தச் சான்று எவ்வளவு நொய்ந்தது என்று ஆங்கிலேயரே அப்போது வாதிட்டார்கள். அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. 1801 ஜூலையில் புதிய நவாப் அசீமுத்தௌலா கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் கர்நாடக நாட்டின் ஆட்சி முழுதும் கம்பெனிக்குப் போயிற்று. வட ஆர்க்காடு ஜில்லா உருவானது. அதன் தலைமையிடம் சித்தூர். திருப்பதி அதற்குள். பின்னர் வேலூரும் அதற்குள் வந்தது.

பிரெஞ்சு அச்சம் என்ற ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் சித்தூர்க் கலெக்டர் கச்சேரி வந்து நிற்பதைக் கவனியுங்கள். "கம்பெனி எப்படியும் கர்நாடகத்தை விழுங்கத்தான் போகிறது, பிரெஞ்சுக்காரன் வெறும் சாக்கு" என்று உங்களில் சிலர் சொல்லலாம். விழுங்கும் எண்ணம் முன்பே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நவாப் முகமது அலி வாங்கிக் குவித்த கடனே அதற்குப் போதும். ஆனால் எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவே லண்டனில் இருந்த இயக்குநர்களின் ஒப்புதல் வேண்டும், பணம் வேண்டும், படை வேண்டும். இவை மூன்றையும் கறக்க உதவியது நெப்போலியன் பெயர். சாக்கு என்றாலும், அந்தச் சாக்கு இல்லாமல் 1799-ம் 1801-ம் அந்த வேகத்தில் நடந்திருக்கும் என்று காட்டுவது கடினம்.

பணத்துக்கு வருவோம். திருப்பதி இந்தக் கதைக்குள் 1801-ல் முதன்முதலாக நுழையவில்லை. அரை நூற்றாண்டு முன்பே, முகமது அலி தனக்காக ஆங்கிலேயர் செய்த போர்ச் செலவுக்கு ஈடாகத் திருமலைக் கோயில் வருவாயைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அதனால்தான் 1753-ல் முகமது கமால் என்ற படைத்தலைவன் கோயில் பணத்தைக் குறிவைத்து வந்தபோது, தடுக்க ஓடியது ஆங்கிலேயச் சிப்பாய்ப் படை. பக்தியால் ஓடவில்லை, அடமானப் பொருளைக் காக்க ஓடியது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்த காலத்தில் திருப்பதியின் வரும்படி பிரெஞ்சுக்காரர் பக்கம் போய், அடுத்த ஆண்டே திரும்ப ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இரண்டு ஐரோப்பியக் கம்பெனிகள் நடத்திய போரில், புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு வரும் யாத்திரிகன் உண்டியலில் போடும் காசு ஒரு போர்த் தளவாடமாக இருந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லிவிட முடியாது.

அதுவரை கோயில் வருவாயை வசூலித்த குத்தகைக்காரன் 1801-க்குப் பிறகு நடுவில் இல்லை. சித்தூர்க் கலெக்டரே நேரடியாகக் கோயிலை நிர்வகித்தார். ஸ்ட்ராட்டன் என்ற கலெக்டர் கோயிலின் வரவு, செலவு, வழக்கங்கள் பற்றி 1803-ல் அறிக்கை அனுப்பினார். 1821-ல் "புரூஸ் கோடு" என்ற பெயரில் நிர்வாக விதிகள் தொகுக்கப்பட்டன. கிறிஸ்தவ அரசு இந்துக் கோயிலை நடத்துவதா என்று இங்கிலாந்தில் பாதிரிமார் கூச்சல் கிளப்பிய பிறகே, 1843-ல் நிர்வாகம் ஹாத்திராம்ஜி மடத்து மகந்துக்குப் போயிற்று. இடைப்பட்ட நாற்பத்திரண்டு ஆண்டுகளும் கோயில் செலவு போக மிச்சம் கம்பெனிக் கஜானாவில் சேர்ந்தது. மொரீஷியஸுக்கும் ஜாவாவுக்கும் படை கப்பலேறிய ஆண்டுகள் இந்த நாற்பத்திரண்டுக்குள் அடக்கம். (திருமலை மடைப்பள்ளியில் ஒரு பெரிய பாத்திரத்துக்கு மன்றோ கங்காளம் என்று பெயர் வழங்குகிறது, கவர்னர் தாமஸ் மன்றோ ஒரு கிராமத்தின் வருவாயை நைவேத்தியத்துக்கு ஒதுக்கினார் என்பது அதன் பின்கதை. கம்பெனி கோயிலுக்குக் கொடுத்தது பாத்திரத்தின் பெயராக நிலைத்துவிட்டது. கோயிலிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு அப்படி ஒரு பெயர் இல்லை.)

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். கஜானாவுக்குள் விழுந்த காசுக்கு முகம் கிடையாது. சென்னை அரசின் மொத்த வருவாயில் நிலவரிதான் பெரும்பங்கு. கோயில் மிச்சம் அதில் ஒரு துளி. திருப்பதி உண்டியல் காசுதான் ஜாவாவில் பீரங்கிக் குண்டு வாங்கியது என்று சொன்னால் அது மேடைப் பேச்சு. ஒப்புக்கொள்கிறேன். அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த நிலவரியும் இதே ஜில்லாவின் வயல்களிலிருந்தும் இதுபோன்ற ஜில்லாக்களிலிருந்தும்தான் போயிற்று. பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஆண்டுதோறும் பட்ஜெட் போட்டு வாக்கெடுத்துச் செய்த செலவு ஒன்று. கம்பெனி இங்கே வசூலித்து இங்கேயே படைக்குச் சம்பளம் போட்ட செலவு இன்னொன்று. இரண்டாவதை வாங்கியவர்களும் கொடுத்தவர்களும் ஐரோப்பிய வரலாற்றுப் பாடத்தில் இடம்பெறுவதே இல்லை.

அந்த வசூல் எப்படிப்பட்ட மாற்றம் என்பதை ஒரு களத்துமேட்டில் நின்று பார்க்கலாம். அறுவடை முடிந்து நெல் தூற்றிக் குவித்ததும் முதலில் அளந்து ஒதுக்கப்பட்ட பங்குகளில் ஒன்று காவல் கூலி. ஊருக்குக் காவல், வழிக்குக் காவல் என இரண்டு வகை. திருட்டுப் போனால் காவல்காரன் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் தன் கையிலிருந்து ஈடு கட்ட வேண்டும். அந்தக் கூலியின் மேல்மட்டத்தில் பாளையக்காரர் இருந்தார். அதை வைத்துத்தான் தன் ஆயுதச் சேவகர்களான கட்டுபடி ஆட்களுக்குச் சோறு போட்டார். அதில் அடாவடி வசூலும் உண்டு, காவல்காரனே திருடனாவதும் உண்டு. பாளையக்காரரைப் புனிதராக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. கம்பெனி வந்ததும் காவல் உரிமையைப் பறித்தது. போலீஸ் வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், கூலியும் எங்களுக்கே என்றது. சித்தூர், சந்திரகிரிப் பக்கத்துப் பாளையங்கள் கொந்தளித்தன. பாகாலா, புலிச்சர்லா, பங்காருபாளையம் என்று இன்று ரயில் நிலையமாகவும் மண்டலத் தலைமையிடமாகவும் நெடுஞ்சாலை ஊராகவும் உங்கள் மாணவர்கள் அறிந்த பெயர்கள் அன்று பாளையங்களின் பெயர்கள். எல்லாரிலும் துணிந்து நின்றவர் எதரகுண்டா பாளையக்காரர். 1805 பிப்ரவரிக்குள் படை வைத்து எல்லாவற்றையும் அடக்கினார்கள். சிலரைச் சென்னையில் போய்க் குடியிருக்கச் சொன்னார்கள். சிலருக்கு வருவாயில் 18 சதவீதம் என்று ஒரு தொகை கட்டிக் கொடுத்தார்கள்.

அப்போது சென்னைக் கவர்னர் வில்லியம் பென்டிங்க். அவர் பெயரைக் கேட்டதும் மாணவர் உடன்கட்டை ஒழிப்பு என்று எழுதுவார், மதிப்பெண்ணும் வாங்குவார். அதே பென்டிங்க் வேலூர்ப் புரட்சிக்குப் பின் 1807-ல் பதவியிலிருந்து திருப்பியழைக்கப்பட்டு, 1811 முதல் 1814 வரை சிசிலித் தீவில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கி, 1814-ல் ஜெனோவாவை நெப்போலியன் ஆட்களிடமிருந்து பிடித்தவர். சித்தூர்ப் பாளையங்களை அடக்கிய கையும் ஜெனோவாவைப் பிடித்த கையும் ஒன்று. இப்படி ஒருவரின் பணிப் பட்டியலைக் கரும்பலகையில் வரிசையாக எழுதினாலே இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே இருக்கும் தடுப்பு விழுந்துவிடும்.

வேலூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நெற்றியில் நாமமும் நீறும் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே மாதிரி வைக்க வேண்டும், புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள். அந்தத் தலைப்பாகை பார்ப்பதற்குத் தொப்பிபோல் இருந்ததும் அதில் தோல் சேர்ந்திருந்ததும். 1806 ஜூலை 10 விடியுமுன் கோட்டைக்குள் 69-வது ரெஜிமென்ட்டின் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டது. ஆர்க்காட்டிலிருந்து ராபர்ட் கில்லெஸ்பி குதிரைப்படையோடு பாய்ந்து வந்து, பின்பு சிப்பாய்களை நூற்றுக்கணக்கில் கொன்று தீர்த்தது. எல்லாம் பாடத்தில் இருக்கிறது. ஆனால் பாடம் அங்கேயே நின்றுவிடுகிறது. 69-வது ரெஜிமென்ட் வேலூரிலிருந்து எங்கே போயிற்று, கில்லெஸ்பி எங்கே போனார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பதில் ஒரே திசையில் இருக்கிறது: கடலுக்கு அப்பால், நெப்போலியனின் கொடி பறந்த தீவுகளுக்கு.

1810 ஜூலையில் பூர்போன் தீவு, இன்றைய ரீயூனியன், பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடிக்கப்பட்டது. கர்னல் கீட்டிங் தலைமையில் இறங்கிய படையில் ஏறத்தாழப் பாதிப்பேர் சிப்பாய்கள். மதராஸ் படையினரும் அவர்களுள் உண்டு. 69-வது ரெஜிமென்ட்டும் கூட இறங்கியது. நாலே ஆண்டு முன்பு வேலூரில் ஒருவரையொருவர் கொன்ற அதே படையின் இரண்டு பகுதிகள், இப்போது தோளோடு தோள் நின்று பிரெஞ்சுக்காரரைச் சுட்டன. "இதை எப்படிப் புரிந்துகொள்வது?" என்ற கேள்வியை மாணவரிடமே விட்டுவிடலாம், தயாராக ஒரு விடை வைத்திருக்காதீர்கள். அதே ஆண்டு டிசம்பர் 3-ல் மொரீஷியஸும் சரணடைந்தது. சரணடைந்த கவர்னர் தெகான், 1803-ல் புதுச்சேரியை ஏற்றுக்கொள்ள வந்து, இறங்க முடியாமல் திரும்பிப் போனவர். பன்னிரண்டு ஆண்டு முன்பு ஒரு அறிக்கையால் திப்புவின் தலைக்கு வினை தேடித்தந்த தீவு, அந்த வினை உருவாக்கிய படையாலேயே விழுந்தது.

நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்பும் போர் அடுத்தது. ஹாலந்தை நெப்போலியன் 1810-ல் பிரான்சோடு இணைத்துவிட்டதால், டச்சுக்காரரின் ஜாவாவும் பிரெஞ்சுப் பேரரசின் பகுதியாயிற்று. 1811-ல் கம்பெனி அதன்மேல் படையெடுத்தது. சுமார் 12,000 பேர். பாதிக்கு மேல் இந்தியர். தலைமை, சென்னைப் படையின் தலைவர் சாமுவேல் ஆக்முட்டி. ஆகஸ்ட் 4-ல் சிலிஞ்சிங் என்ற கடற்கரைச் சிற்றூரில் இறங்கினார்கள். இறங்கத் தகுந்த இடத்தை முன்கூட்டியே உளவு பார்த்துச் சொன்ன தலைமை எஞ்சினியர் யார் தெரியுமா? காலின் மெக்கன்சி. தென்னாட்டு ஊர் ஊராக ஆள் அனுப்பி ஊர் வரலாற்றுக் கைபியத்துகளும் கல்வெட்டுப் படிகளும் சேகரித்தாரே, அவரேதான். எதிர்த்தரப்பின் தளபதி யான்சென்ஸ், இன்று கிழக்கு ஜகார்த்தாவில் ஜாதிநெகாரா என்று வழங்கும் மீஸ்டர் கொர்னேலிஸ் முகாமுக்குள் பின்வாங்கினார். ஒருபக்கம் ஆறு, மறுபக்கம் கால்வாய், சுற்றிலும் கொத்தளங்கள், 280 பீரங்கிகள். உள்ளே இருந்த "பிரெஞ்சு-டச்சு" படையிலும் ஐரோப்பியர் சிறுபான்மை. ஜாவா, மதுரா, அம்போன் தீவுகளின் ஆட்களே மிகுதி. ஆக வெளியே இருந்த "பிரிட்டிஷ்" படையிலும் ஆசியர். உள்ளே இருந்த "பிரெஞ்சு" படையிலும் ஆசியர். ஐரோப்பிய வரலாறு இதை நெப்போலியப் போரின் ஒரு கிளைச் சண்டை என்று எழுதுகிறது.

ஜாவா போன சிப்பாய்க் காலாட்படையில் வங்காளப் படையிலிருந்து முன்வந்தவர்களே அதிகம் என்பதை மறைக்கக் கூடாது. சென்னை மாகாணம் அனுப்பியவற்றில் முக்கியமானது மதராஸ் பயோனியர்கள். இன்று பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பெயரில் இருக்கும், "தம்பி" என்ற செல்லப்பெயர் கொண்ட படைப்பிரிவின் முன்னோர். அதன் போர் விருதுகளில் ஜாவாவும் ஒன்று. பயோனியரின் கையில் துப்பாக்கியைவிட மண்வெட்டிக்கும் கோடரிக்கும் வேலை அதிகம். பீரங்கி மேடைக்கு மண் கொட்டுவது, கூடை பின்னி மண் நிரப்பி அடுக்குவது, முள்வேலி வெட்டுவது, அகழியில் ஏணி சாத்துவது எல்லாம் அவர் தலையில். அதுவும் எதிரியின் குண்டு வந்து விழும் தூரத்தில். ஆகஸ்ட் 26 விடியுமுன் இருட்டில் கில்லெஸ்பி ஒரு படைவரிசையைச் சுற்றுவழியாக நடத்திப் போனார். பின்வரிசை வழி தவறிவிட்டது. காத்திருந்தால் விடிந்துவிடும், கையில் இருந்தவர்களை வைத்தே பாய்ந்தார். ஒரு கொத்தளம் பிடிபட்ட கையோடு அதன் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, பிடித்தவர், இழந்தவர் என்று பாராமல் இருதரப்பிலும் பலரைக் கொன்றது. விடிந்து சில மணிநேரத்தில் கொர்னேலிஸ் விழுந்தது. செப்டம்பர் 18-ல் யான்சென்ஸ் சரணடைந்தார். 69-வது ரெஜிமென்ட்டின் கொடியில் பூர்போன், ஜாவா, வாட்டர்லூ மூன்றும் விருதாக ஏறின. வேலூர் ஏறவில்லை; அது விருது கொடுக்கும் இடமல்ல.

இனி நான் எதிர்பார்க்கும் மறுப்புகளுள் கனமானது: "கூலிக்குச் சண்டை போட்டவர்களைக் கொண்டாடச் சொல்கிறீர்களா?" இல்லை. 1812 ஜூனில் இதே கில்லெஸ்பியும் சிப்பாய்களும் யோக்யகர்த்தா சுல்தானின் அரண்மனையைத் தாக்கிக் கொள்ளையிட்டார்கள். பொன்னோடு சுவடிகளும் போயின. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நமக்கு நடந்ததை அங்கே நம் நாட்டார் கைகொண்டு இன்னொருவருக்குச் செய்வித்தார்கள். இதில் கொண்டாட என்ன இருக்கிறது? ஆனால் கொண்டாட முடியாததைச் சொல்லக்கூடாது என்று வைத்துக்கொண்டால் வரலாற்றுப் பாடத்தில் விழாப் பட்டியல்தான் மிஞ்சும். எதரகுண்டாவில் எதிர்த்தவரையும் ஜாவாவில் மண் சுமந்தவரையும் ஒரே வகுப்பில் வைத்துப் பேசும்போதுதான், அடக்கப்பட்ட ஒரு நாடே அடக்கும் கருவியாகவும் ஆனது எப்படி என்ற கேள்வி எழும். சம்பளம் மாதாமாதம் தவறாமல் வந்தது என்பது அதற்கு ஒரு பதில். பாளையக்காரர் காலத்துக் களத்துநெல்லைவிட அது நிச்சயமானது.

"ஜாவாவை 1816-ல் டச்சுக்காரருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ரீயூனியனைப் பிரான்சிடமே கொடுத்துவிட்டார்கள், பிறகென்ன முக்கியத்துவம்?" என்றும் கேட்கலாம். கொடுக்கல் வாங்கலில் பேரம் பேசக் கையில் பொருள் வேண்டுமல்லவா? ஐரோப்பாவில் சமாதானம் எழுதப்பட்டபோது மேசைமேல் வைக்கப்பட்ட சீட்டுகளுள் இவையும் இருந்தன. மொரீஷியஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1834 முதல் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழரும் தெலுங்கரும் ஆயிரமாயிரம். அங்கே இன்றும் காவடி எடுக்கும் குடும்பங்களின் கதைக்கு 1810 டிசம்பர் 3 ஒரு தொடக்கப் புள்ளி.

எல்லைச் சிக்கல் ஒன்றும் உண்டு. அது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். சித்தூர் 1911-ல் தனி மாவட்டம் ஆனது. பின்பு மாநிலங்கள் பிரிந்தன. 1960-ல் திருத்தணி தமிழகப் பக்கம் போயிற்று. 2022-ல் திருப்பதியும் தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஒவ்வொரு கோடு போடும்போதும் ஒரு கதை இரண்டாக வெட்டுப்பட்டது. வேலூர்ப் புரட்சி தமிழ்நாட்டுப் பாடமாகவும், சித்தூர்ப் பாளையங்கள் ஆந்திரப் பாடத்தில் ஓரமாகவும் ஒதுங்கின. ஒரு காலத்தில் வேலூர் எந்த ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜில்லாவில் இருந்தது என்று இரண்டு பக்கத்து மாணவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். சித்தூர் என்று சொல்பவர் எத்தனை பேர்? இரண்டு மொழியும் காதில் விழும் வகுப்பறையில் நிற்கும் நீங்கள்தான் இந்தக் கதையை முழுசாகச் சொல்ல வசதியான இடத்தில் இருக்கிறீர்கள். திருமலைக் கல்வெட்டுகளில் மிகப்பெரும்பாலானவை தமிழில் இருப்பதைத் தெலுங்கு பேசும் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டிப் பழகிய ஊர்தானே.

நேரம் இல்லை, பரீட்சைக்கு வராது என்பீர்கள். ஒரே ஒரு பீரியட் கேட்கிறேன். கரும்பலகையில் இடப்பக்கம் 1798, 1801, 1805, 1806, 1810, 1811, 1815 என்று எழுதுங்கள். வலப்பக்கம் மொரீஷியஸ், சித்தூர், எதரகுண்டா, வேலூர், ரீயூனியன், ஜகார்த்தா, வாட்டர்லூ. நடுவில் பிள்ளைகளே கோடு போடட்டும். ஆர்வம் பிடித்துக்கொண்ட ஓரிருவருக்குக் காக்ஸ் எழுதிய வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டையும், வில்சன் எழுதிய மதராஸ் படை வரலாற்றையும் காட்டுங்கள். இரண்டும் ஆட்சியாளர் கண்ணால் எழுதப்பட்டவை, எச்சரித்தே கொடுங்கள். மறுபக்கத்துக் குரல் வேண்டுமென்றால் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. மெக்கன்சியின் ஆட்கள் தென்னாட்டில் எழுதி வாங்கிய பாளையக்காரர் வம்சக் கதைகள் அங்கே தமிழிலும் தெலுங்கிலும் கிடக்கின்றன. சிலிஞ்சிங் கடற்கரையை அளந்துவிட்டு வந்தவரின் சேகரம் அது. ஒரு கட்டை அவிழ்த்துப் படிக்க உங்கள் மாணவர் யாராவது போனால், எந்தப் பாளையத்தின் கட்டு என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
வரலாறு வாசிக்கும் ஒருவன்